மெஷின் எண்ணெய் வாடை

தண்ணீருக்கு மணமில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லிக் கொடுத்தவர்களுக்குச் சளி பிடித்திருந்திருக்கும். மழைத் தண்ணீருக்கு ஒரு மணம், தொட்டியில் நாலு நாள் கிடந்த தண்ணீருக்கு ஒரு மணம், புதுக் குழாயில் வருவதற்கு ஒரு மணம். கண்ணைக் கட்டிவிட்டு மூன்று தம்ளர் வைத்தால், எது எந்த வீட்டுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். பந்தயம் கட்டிச் சொல்லியும் இருக்கிறேன்.

நீங்கள் எழுதிக்கொள்வதால் நிதானமாகவே சொல்கிறேன். நடுவில் கேள்வி வேண்டாம், கேட்டால் எனக்கு வரிசை மாறிவிடும். முதலில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நானும் குடித்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. எனக்காக அதைச் சொல்ல யாரும் வரமாட்டார்கள் என்பதால் நானே சொல்லி வைக்கிறேன்.

அந்தத் தெருவின் மேட்டு முனையில் இருந்த பெட்ரோல் பங்கில் பதினொரு வருஷம் வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டவள் நான். ஒரு நாள் காலையில் சாக்கடை ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தபோது வாடை வந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பெட்ரோல் பங்கில் பெட்ரோல் வாடை வராமல் பன்னீர் வாடையா வரும் என்று அவர் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேலே இருந்து வருகிற வாடை வேறு, மண்ணுக்குள்ளிருந்து வருகிற வாடை வேறு, இது கீழே இருந்து வருகிறது என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து இரண்டு வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து வானவில் காட்டியது. தோண்டிப் பார்த்தார்கள். பூமிக்குள் புதைத்திருந்த நாலு தொட்டிகளில் மூன்றாவதன் அடிப்பாகம் துருவேறி, மாவு சலிக்கலாம் என்கிற கணக்கில் இருந்தது. முதலாளியின் மூக்கு உடைந்தது, என் மூக்குக்குப் பேர் வந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் நான் மூக்கக்கா. கேலியாக இல்லை, செல்லமாகத்தான்.

சுத்தம் செய்ய ஒரு நிறுவனம் வந்தது. அதன் பொறியாளர் நல்ல மனிதர். எட்டாம் வகுப்பு படித்த என்னைக் கூப்பிட்டு, "நீங்க எங்களோட வந்துடுங்க" என்றார். கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார். களப் பரிசோதகர் என்று அதில் போட்டிருந்தது. அந்த அட்டையை நான் குளிக்கப் போகும்போதுதான் கழற்றுவேன்.

வேலை எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். பூமிக்குள் ஒழுகிய பெட்ரோல் சும்மா கிடக்காது. தண்ணீர் மட்டத்தில் போய்ப் படரும். கரைகிற பாகம் தண்ணீரோடு சேர்ந்து, தெரு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் மெல்ல நகரும். அதைப் பம்பு வைத்து மேலே இழுத்து, உயரமான கோபுரத்திலிருந்து சாரலாக விழவிட்டு, காற்றடித்து, கரி நிரப்பிய பீப்பாய்கள் வழியாக வடித்துத் திரும்ப உள்ளே விடுவோம். இரைச்சல் தாங்காது. தெருவில் சண்டை போட வேண்டியவர்கள்கூட ஞாயிற்றுக்கிழமை பம்பு நிற்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

தெரு நெடுக ஆறு கண்காணிப்புக் குழாய்கள் இறக்கியிருந்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் குழாய்களின் தண்ணீர் கண்ணாடிப் பாட்டிலில், ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குப் போகும். இருபத்திரண்டு வீட்டுக் கிணறுகளுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. வாரம் ஒரு நாள் நான் போய் ஒரு வாளி இறைத்து மோந்து பார்ப்பேன். வாடை என்று நான் சொன்னால் பாட்டில் போகும். இல்லை என்றால் நோட்டில் 'வாடை இல்லை' என்று எழுதுவதோடு சரி. "மெஷினுக்குப் பத்து நாள் ஆகுது, உங்களுக்குப் பத்து செகண்டு" என்பார் பொறியாளர். முதல் வருஷம் இரண்டு தடவை நான் ஒன்று சொல்ல ஆய்வுக்கூடம் வேறொன்று சொன்னது. திரும்பச் செய்து பார்த்தபோது இரண்டு தடவையும் நான் சொன்னதுதான் நின்றது.

ஆறாவது குழாயைக் கடைசி வீட்டுக் கொல்லையில் இறக்குவதாகத்தான் வரைபடம். அங்கே தகரம் போட்ட கொட்டகை இருந்தது. அதற்குள் இரண்டு தையல் மெஷின். அந்த வீட்டுத் தையல்காரி அதைப் பிரிக்க ஒப்பவில்லை.

"இதப் பிரிச்சிட்டா நான் எங்கக்கா உக்காந்து தைக்கறது? உங்க கோபுரத்து உச்சியிலயா?"

நான்தான் பொறியாளரிடம் பேசினேன். எதிர்ச்சாரியில் இறக்கிவிடுங்கள், பத்தடியில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்றேன். ஒப்புக்கொண்டார். அவள் பக்கத்து மண்ணுக்கடியில் பழைய சாக்கடைக் குழாய் போகிறது, அதைச் சுற்றி ஜல்லி கொட்டியிருக்கிறார்கள், கெட்ட தண்ணீர் அந்த ஜல்லி வழியே பாதை போட்ட மாதிரி ஓடும் என்பதெல்லாம் போன மாதம்தான் தெரிந்தது. அது என் தப்பில்லை. அவளுக்கு நல்லது செய்யப் போய் வந்தது.

நான் இப்போது போட்டிருக்கும் சட்டையும் அவள் தைத்ததுதான். பாட்டில் வைக்க நாலு பை, பேனாவுக்கு ஒன்று. என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள், ஒரு சொல் தவறாது. புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரு நாள் அவருடைய சட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"மோந்து பாத்துச் சொல்லுங்கக்கா. இவரு நேத்து எங்கெங்க போனாரு?"

டீசல், வறுத்த கடலை, பிள்ளைகள் வாந்தி, வேறொன்றுமில்லை, உத்தமர் என்றேன். அவர் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். இப்படி ஒரு வீடு.

இரண்டாவது வருஷம் முடிகிற சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். எழுந்த பிறகு ஒரு காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் தனியாக இருக்கிறவள். பக்கத்து வீட்டுக்காரர் கதவை இடித்தார். திறந்தால், அவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி அடுப்பை அணைத்தார். பால் வற்றி, பாத்திரம் கருகி, அறை முழுக்கப் புகை. கண் எரிந்தது, அவ்வளவுதான். வாடை வரவில்லை.

அவர் போன பிறகு வெங்காயத்தை நறுக்கி மூக்கருகே வைத்தேன். சோப்பு, காப்பித்தூள், செருப்பு, கடைசியில் மண்ணெண்ணெய்ப் புட்டி. சுவரை மோந்த மாதிரி இருந்தது. மருத்துவர், வந்தாலும் வரும், வராமலும் போகும், சிலருக்கு வருஷமாகும் என்றார். மூக்கும் முழியுமாகத்தானே இருக்கிறீர்கள், கவலைப்படாதீர்கள் என்று ஒரு சிரிப்பு வேறு.

பொறியாளரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நாக்கு செத்த சமையல்காரர் அதைப் பந்தியில் அறிவிப்பாரா? சொல்லியிருந்தால் அவர் என்னை வேலையைவிட்டு எடுத்திருக்க மாட்டார், அதுவும் தெரியும். கரிப் பீப்பாய் கழுவ வைத்திருப்பார். யாராவது ஒரு படித்த பெண் என் அட்டையைப் போட்டுக்கொண்டு வாளி இறைத்திருப்பாள். தெரு அவளை என்னவோ பேர் வைத்துக் கூப்பிட்டிருக்கும். மேலும் ஆறு குழாய்களும் அப்போது சுத்தமாகிக்கொண்டு வந்தன. வீட்டுக் கிணறுகளில் பல மாதமாக ஒன்றுமில்லை. இல்லாததை மோந்து பார்க்க மூக்கு எதற்கு என்று நினைத்தேன். யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

வாரா வாரம் போனேன். வாளி இறைத்தேன். குனிந்தேன், முன்பு எவ்வளவு நேரம் குனிவேனோ அவ்வளவு நேரம். 'வாடை இல்லை' என்று எழுதினேன். எனக்கு வரவில்லை என்பது உண்மைதானே.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, தையல்காரி வாளிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஏதோ வாடை வர்ற மாதிரி இல்ல?"

"எங்க?"

"தண்ணியிலதான். ரெண்டு நாளா. இவருக்குத் தெரியலையாம். எனக்கு மட்டும் வருது."

நான் வாளியைத் தூக்கி மறுபடி மோந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒருவர் பார்க்கும்போது தெரியவில்லை என்று சொல்வது கஷ்டம். அவள் கையைப் பிடித்து மோந்து பார்த்தேன். விரலிடுக்கில் கறுப்பாக இருந்தது.

"இது மெஷின் எண்ணெய்டி. கையில வச்சுக்கிட்டே தம்ளரப் பிடிச்சா தண்ணியில வராம எங்க வரும்?"

அவள் கையைப் பார்த்தாள். பிறகு வெட்கமாகச் சிரித்தாள். மெஷின் சரியில்லை என்றால் நம்புவார்கள், கை சரியில்லை என்றால் இன்னும் சீக்கிரம் நம்புவார்கள். வேலை செய்கிற பெண்கள் அப்படித்தான். அவளுடைய புருஷன் பக்கத்துத் தெருக் குழாயிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார். இது எதற்கு வீண் சுமை என்றேன். அவள் தந்த தம்ளரை அங்கேயே முழுசாகக் குடித்துக் காட்டினேன். எனக்கு எந்த ருசியும் தெரியவில்லை, ருசி தெரியாமல் போயும் ஒரு மாதமாகியிருந்தது. குடித்தேன் என்று சொன்னேனே, அந்தத் தம்ளர் ஒன்று. அதற்குப் பிறகும் அந்த வீட்டில் பல தம்ளர்.

அவள் மெஷின் எண்ணெயை மாற்றினாள். இரண்டு மெஷினையும் பிரித்துத் துடைத்தாள். தண்ணீர் தொடுமுன் சோப்பு போட்டு முழங்கைவரை கழுவினாள், அதே கிணற்றுத் தண்ணீரில். விரல் தோல் உரிந்தது. கொஞ்ச நாள் கழித்துச் சொன்னாள்:

"இப்பல்லாம் வாடையே இல்லக்கா."

"நான் சொல்லல?"

ஒரு வாடைக்குள் இருக்கிறவர்களுக்கு அது பழகிப்போகும். பங்கில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

பதினோரு மாதம் கழித்து மூக்கு திரும்பி வந்தது. எந்த அறிகுறியும் இல்லை. காலையில் தெருவில் நடக்கும்போது ஒரு பேருந்து புகை விட்டுப் போனது, நான் நின்றுவிட்டேன். புகை நாறியது. பிறகு ஈர மண், யாரோ வீட்டுச் சோப்பு, நாய். நான் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு வீடு வீடாக நான் வாளி இறைத்ததைப் பார்த்தவர்கள், மூக்கக்காவுக்கு என்ன லாட்டரி விழுந்ததா என்று கேட்டார்கள். இருபத்தோரு கிணறு. ஒவ்வொன்றையும் உண்மையாக மோந்தேன். இருபத்தொன்றும் சுத்தம். பதினோரு மாதம் நான் எழுதியது எல்லாமே சரி என்று ஆகிக்கொண்டு வந்தது.

கடைசி வீட்டில் வாளியை இறக்கவே வேண்டியிருக்கவில்லை. கதவருகிலேயே வாடை வந்துவிட்டது. பச்சைப் பெட்ரோல் இல்லை அது. மண்ணில் வருஷக்கணக்காக ஊறி, தண்ணீரில் கரைந்தது, லேசாக இனிக்கும். துணிகளில் இருந்தது, தரையில் இருந்தது, அவள் முகம் துடைத்த துண்டில் இருந்தது. அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

"தண்ணி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

இதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். இதற்கு முன்னால் நான் சொன்னதெல்லாம் தெரியாமல் சொன்னது. இது தெரிந்து சொன்னது.

ஆனால் என் நிலையில் இருந்து பாருங்கள். நாற்பத்தேழு வாரம் 'வாடை இல்லை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இன்றைக்கு 'வாடை' என்று எழுதினால், நேற்று என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அதனால் அடுத்த வாரம் 'லேசாக' என்று ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போகலாம் என்று தீர்மானித்தேன். அடுத்த வாரம் போனபோது அவள் எனக்குப் புதுச் சட்டைக்கு அளவெடுத்தாள். அன்று எழுத மனம் வரவில்லை. அதற்கடுத்த வாரம், பம்பு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, தானாகக் குறையும் என்று பட்டது. இப்படியே ஐந்து மாதம் போயிற்று. ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் இருந்தது. பொய்க் காரணம் ஒன்றுகூட இல்லை.

அந்த ஐந்து மாதத்தில்தான் ஆறு குழாய்களும் தொடர்ந்து சுத்தம் என்று வந்தது. வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று மேலிடம் சொன்னது. முடிப்பதற்கு முன் எல்லா வீட்டுக் கிணற்றிலும் ஒரு பாட்டில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், வெறும் சம்பிரதாயத்துக்கு என்றார் பொறியாளர். உங்க மூக்கு ஏற்கெனவே சொல்லிடுச்சு, இவங்க முத்திரை போடப்போறாங்க, அவ்வளவுதான் என்றார்.

இருபத்தோரு பாட்டில் அதனதன் கிணற்றில் நிரப்பினேன். கடைசி வீட்டுப் பாட்டிலை அதற்கு மூன்று வீடு மேலே, எதிர்ச்சாரியில் இருக்கும் கிணற்றில் நிரப்பினேன். குமிழி இல்லாமல்தான் நிரப்பினேன். மூடியைத் திருகிக் கடைசி வீட்டு எண்ணை எழுதினேன். ஒரே தெரு, ஒரே மண்.

முடிவு வந்தது. இருபத்திரண்டும் குடிக்கத் தகுந்தது. பம்பை நிறுத்தினார்கள். அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்டது. கோபுரத்தைப் பிரித்தார்கள், பீப்பாய்களை ஏற்றினார்கள், ஆறு குழாய்களிலும் சிமென்ட் ஊற்றி மூடினார்கள். கடைசி அறிக்கையில் என் பெயரையும் போட வேண்டும் என்று பொறியாளர் பிடிவாதமாகப் போட்டார். அதனால் உங்களுக்கு என்னைத் தேட வேண்டிய சிரமம் இருந்திருக்காது.

தையல்காரிக்கு அதற்கு அடுத்த வருஷம் களைப்பு வந்தது. மெஷின் மிதித்தால் மூச்சு வாங்கியது. பிறகு இடித்துக்கொள்ளாமலே உடம்பில் நீலத் திட்டுகள். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்காது. எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது என்றார்கள், எனக்கு அந்தப் பேர் வாயில் நுழையாது. எட்டு மாதம் இருந்தாள். நான் வாரம் தவறாமல் போய்ப் பார்த்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவளுடைய சொந்த நாத்தனார்கூட இரண்டு தடவைதான் வந்தாள்.

அவள் போய் நாலு மாதம் கழித்து ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தி பழைய காகிதங்களை ஏதோ காரணத்துக்காகப் புரட்டியிருக்கிறாள். இரண்டு வீட்டுத் தண்ணீரில் உப்பு, சுண்ணாம்பு, இரும்பு எல்லாம் கடைசிப் புள்ளிவரை ஒன்றாக இருப்பது அவள் கண்ணில் பட்டது. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ஒரு மச்சம் இடம் மாறியிருக்கும் அல்லவா? கெட்டிக்காரி. தானே வந்து அந்தக் கிணற்றில் பாட்டில் நிரப்பிக்கொண்டு போனாள். மற்றது உங்கள் மேஜைமேல் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. பாட்டிலை மாற்றியது நான். நாற்பத்தேழு வாரம் தெரியாமல் எழுதியதும், பிறகு தெரிந்தே எழுதியதும் நான். அவளைக் கொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவள் என்னை நம்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. தண்ணீர் குடித்ததாகச் சொன்னேனே, அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. எழுதுவது சரியாக இருக்கட்டும்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாவது மாதம், அவளுடைய புருஷன் என்னைத் தேடி வந்தார். வேனில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போனார். கொல்லையில் தையல் மெஷின்கள் இரண்டையும் துணி போட்டு மூடியிருந்தது. கிணற்றில் ஒரு வாளி இறைத்து வைத்தார்.

"டாக்டர் தண்ணியப் பத்திக் கேக்கறாருக்கா. எங்க குடிக்கிறீங்க, என்ன தண்ணின்னு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியாப் போயி அவர்கிட்டச் சொல்லிடுவேன்."

குனிந்தேன். முன்பு எவ்வளவு நேரம் குனிவேனோ அவ்வளவு நேரம்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் அவளுக்கு ரத்தம் ஊறிவிடுமா? படுத்துக்கிடக்கிறவளுக்கு இன்னொரு துக்கம் எதற்கு? அந்த மனிதருக்குத்தான் எதற்கு?

"ஒண்ணுமில்ல தம்பி. நல்ல தண்ணி."

"அவளுக்கு ஆஸ்பத்திரித் தண்ணி பிடிக்கல. மருந்து வாடை வருதாம். நம்ம கெணத்துத் தண்ணிதான் வேணுங்கறா."

கேனை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, ஒரு தம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார். சந்தேகப்பட்டு இல்லை. வெயிலில் வந்தேன் என்று கொடுத்தார். வாங்கி, அவர் பார்க்கும்போதே வாய் நிறைய ஊற்றிக்கொண்டு தலையை ஆட்டினேன். அவர் முகம் தெளிந்தது. கேனை மூடித் தோளில் தூக்கினார். வேன் கதவை நான்தான் திறந்து பிடித்துக்கொண்டேன், வாயைத் திறக்காமல். வண்டி திரும்பிப் போன பிறகு எதிர்ச்சாரிக்கு நடந்து, சிமென்ட் போட்டு மூடிய ஆறாவது குழாய்க்குப் பக்கத்தில் துப்பினேன். மூக்கு திரும்பி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் வாங்கிய தம்ளர் எல்லாமே அப்படித்தான் போயிற்று. அதற்காக மட்டும் என்னைக் குறை சொல்லிவிடாதீர்கள். அந்த நாற்றத்தை யாரால் விழுங்க முடியும்?